குழாய் வளரவில்லை

ஒரு சிறுமியின் கண்பார்வை போனதற்கு நான் காரணம். இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தில் எதையெல்லாமோ எழுதினேன்... இதை எழுதவில்லை.

இப்போது எழுத வைத்தவர் ஒரு வாசகி. மகனுக்கு மூளையில் நீர் கோத்து, குழாய் வைத்திருக்கிறார்கள். "இனிப் பயமில்லையே?" என்று கேட்கிறார்.

அறுபதுகளில் தென்காசியில் நான் இளம் டாக்டர். சுரண்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த சுப்பையா அண்ணாச்சியின் மகள் மாலாவுக்கும் இதே நோய்தான். கைக்குழந்தையிலேயே மெட்ராஸில் ஆபரேஷன். தலையில் தேங்கும் நீரைக் கழுத்து வழியாக இதயத்துக்கு இறக்கிவிடும் மெல்லிய குழாய் — அந்தக் காலத்தில் அதுவே அதிசயம்! "இனி மெட்ராஸுக்கு அலைய வேண்டாம்" என்று நானே சொன்னேன். வைத்தது வைத்ததுதானே?

ஐந்து வயதில், குற்றால சீசன் நேரம். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. கூட்டி வந்தார்கள்.

"வாந்தி வந்தா ஒடனே வரணும்னு மெட்ராஸ்ல சொன்னாவளே டாக்டரய்யா..." என்றாள் தாய் செல்லத்தாய்.

"ஏட்டி, அய்யா படிக்காததையா நீ படிச்சிட்ட?" என்றார் அண்ணாச்சி. அது எனக்கு இனித்தது.

"பித்தம்தான். ஒரு வாரம் அருவித் தண்ணி தலையில விழட்டும்" என்றேன். எம்.பி.பி.எஸ். படித்தவன் சொன்ன வைத்தியம்! தலைக்கோளாறு எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அருவிதான் மருந்து. நானும் அந்த ஊர்க்காரன்தானே?

கொடுமை என்னவென்றால், அது பலித்த மாதிரியே தெரிந்தது. படுத்திருக்கையில் தலைக்குள் அழுத்தம் ஏறும். எழுந்து நடமாடினால் சற்றுத் தணியும். குளித்துவிட்டு வருகிற பிள்ளை தெளிவாக இருந்தாள். பெயர் அருவிக்குப் போனது... எனக்கும்தான்.

அடுத்த வாரம் ஐந்தருவிக்கு எதிரே நின்று கேட்டாளாம்: "அருவி எங்கனம்மா? சத்தம் கேக்கு, காணலியே!"

மெட்ராஸில் காரணம் சொன்னார்கள். பிள்ளை வளர்ந்தாள், குழாய் வளரவில்லை. கீழ்முனை இதயத்திலிருந்து மேலே இழுபட்டு அடைத்துக்கொண்டது. புதுக் குழாய் வைத்தார்கள். உயிர் தங்கியது. பார்வை திரும்பவில்லை.

வாசகியே, வைத்த சில மாதங்களில் கிருமி சேரலாம். மூளைக்குள் இருக்கும் முனையைத் திசு அடைக்கலாம். வருடங்கள் கழித்து முறியலாம். தலைவலி, வாந்தி, ஓயாத தூக்கம் — எது தெரிந்தாலும் அன்றே ஓடுங்கள். என்னைப் போல் ஒருவர் 'ஒன்றுமில்லை' என்றால் நம்பாதீர்கள்.

சொந்தக்காரர்கள் பழியை யார் மேல் போட்டார்கள்? செல்லத்தாய் மேல். "அய்யா சொன்ன வைத்தியம் சரி. இவதான் பிள்ளையக் கொண்டுபோயி நேரா அருவிக்கடியில நிறுத்திக் கண்ணைக் கெடுத்துட்டா."

நான் வாயைத் திறக்கவில்லை. கிளினிக் முக்கியமாக இருந்தது. அண்ணாச்சி அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் சுரண்டைக்குப் பஸ் ஏறினேன்.

உறவினர் கூடியிருந்த வீட்டில் சொன்னேன். "செல்லத்தாய் மேல தப்பில்லை அண்ணாச்சி. அன்னைக்கே மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தா கண்ணு தப்பியிருக்கும். தப்பு என்னோடது."

அண்ணாச்சி கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. "பாத்தியாட்டி? உன் வாழ்க்கை கெடக்கூடாதுன்னு டாக்டரய்யா பழியத் தன் தலையில போட்டுக்கிடுதாவ. இந்த மனசு யாருக்கு வரும்?"

மறுபடி சொன்னேன். சத்தியம் செய்தேன். சொல்லச் சொல்ல நான்தான் பெரிய மனிதனானேன். செல்லத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரத்திலிருந்து என் கிளினிக்கில் சுரண்டைக் கூட்டம் தாங்கவில்லை.