எதிர்ப்புச் சக்தி கேட்டு நான் செய்த ஜெபம்

சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

நான் மானகிரிக்காரன். காரைக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். சென்ற ஆண்டு தவக்காலத்தில் என் மனைவி செலினுக்குக் காய்ச்சல் வந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, டியூட்டிக்கு வருவதுபோல் வரும். உடம்பெல்லாம் செந்தடிப்பு, மூட்டெல்லாம் வீக்கம். காலையில் இறங்கிவிடும். டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை. ஒரே மாதத்தில் பாதி உடம்பாகிவிட்டாள். "ஆண்டவரே, இவளுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று தினமும் முழந்தாளிட்டுக் கேட்டேன்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா, இது அபூர்வமான நோய் என்று கண்டுபிடித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில், "இது எதிர்ப்புச் சக்தியக் குறைக்கும், பாத்துக் குடுங்க சார்" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கேட்பது ஒன்று, இவர்கள் கொடுப்பது ஒன்றா? செலினிடம் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தினேன். பதிலுக்குச் சத்து மாத்திரையும் கசாயமும் கொடுத்தேன். ஜெபத்தையும் கூட்டினேன்.

பத்தாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, நினைவு தப்பி விழுந்தாள். மதுரைக்குக் கொண்டு ஓடினோம்.

"இவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறையலை சார், கட்டுமீறிப் போயிருச்சு" என்றார் டாக்டரம்மா. "காவலுக்கு இருக்கிற அணுக்கள் எதிரி வந்துட்டான்னு ஒன்னுக்கொன்னு சேதி அனுப்பிக்கிட்டே இருக்கு. எதிரியே இல்ல. சொந்த ஈரலைப் போட்டு அடிக்குது."

நான் இடிந்துபோனேன். இத்தனை நாளும் நான் கேட்டது அதைத்தான்.

செலின் கண் விழித்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "பூசையில பக்கத்துல இருக்கவுகளுக்குச் சமாதானம் சொல்றோம்ல? அதை என் உடம்புக்குள்ள சொல்லச் சொல்லிக் கேளுங்க. சக்தி கிக்தின்னு கேக்காதீக" என்றாள்.

அணுக்கள் அனுப்பும் அந்தச் சேதியை வழியிலேயே மறிக்கும் ஊசி ஒன்றைப் போட்டார்கள். ஊசிக்கு நோய் கேட்கும் என்று டாக்டரம்மாவாலும் உறுதி சொல்ல முடியவில்லை. நான் வராந்தாவில் நின்று சமாதானம், சமாதானம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஐந்து மணி ஆனது. ஆறும் ஆனது. காய்ச்சல் வரவில்லை. வாய்விட்டு அழுதேன்.

இன்றும் மருந்து உண்டு. திரும்பி வந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. வேளை தவறாமல் நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். அவள் அட்டையை வாங்கிப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறாள்.

சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். தெரியாமல் கேட்டவனையும் அவர் தள்ளிவிடவில்லை. நான் கேட்டதை அப்படியே கொடுத்திருந்தால் இன்று செலின் இல்லை. கொடுக்காமல் விட்டாரே, அதற்குத்தான் இந்த நன்றி.