கட்டுரை திறக்காவிட்டால் காவல்காரி பொறுப்பு

கம்ப்யூட்டர் அறையைக் காக்கிற வேலையில் கம்ப்யூட்டரால் வரும் தொல்லை கொஞ்சம்தான். அதன் முன்னால் உட்காருகிறவர்களால் வருவதுதான் அதிகம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதையெல்லாம் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுதும்போதே பயமாக இருக்கிறது. இப்படிப்பட்ட அறைகளுக்குச் சாவி வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பை விட்டுவிட்டு வயிற்றெரிச்சலைப் புரிந்துகொள்வார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், உப்பளங்களை ஆராய வருகிறவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் மரக்காணத்தில் அறை பிடித்துக் கம்ப்யூட்டர் போட்டது. பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டுகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளை அங்கே உட்கார்ந்தபடியே தேடிப் படிக்கலாம். திறப்பது, பெருக்குவது, பார்த்துக்கொள்வது என் வேலை. அது போனால் மறுபடி உப்புப் பாத்தியில்தான் இறங்க வேண்டும். கால் வெடிப்பு அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது.

யாருமே தொடாத ஊர்

சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை மேடம் மாணவியோடு வந்தார். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு 'கே' போட்டுத் தேடினார். ஒன்றும் வரவில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இந்த ஊரை இதுவரைக்கும் யாருமே தொடலை, நாமதான் முதல்" என்று என்னிடம்கூடச் சொன்னார். இங்கே பிறந்து வளர்ந்த எங்களையெல்லாம் அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மாணவி சும்மா இருக்காமல் ஒரே ஒரு 'கே' போட்டுப் பார்த்தாள். கட்டுரை ஒன்று வந்து நின்றது. "யாரோ அரைகுறை. ஊர்ப் பேரையே தப்பா எழுதியிருக்கான் பாரு" என்றார் மேடம். அவள் பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மேடம், இது நீங்க எழுதினது மேடம்."

பூட்டும் சாவியும்

குயிலாப்பாளையத்தில் விடுதியில் தங்கியிருந்த ஒரு சாருக்கு வெயிலில் வர மனசில்லை. நூலகம் சந்தா கட்டுகிற கட்டுரைகள் எங்கள் அறையின் இணைப்பில் மட்டும்தான் இலவசமாகத் திறக்கும். வெளியே இருந்து தேடினால் தலைப்பைக் காட்டிவிட்டுக் காசு கேட்கும். வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் சாப்பிடுவதற்காக அறையைப் பூட்டினேன். அந்த நேரம் பார்த்து அவர் செல்போனில் கூப்பிட்டார். பெரிய படிப்பெல்லாம் படித்த மனுஷன் அதட்டிய அதட்டலில் எனக்குச் சோறு இறங்கவில்லை: "ஏம்மா, ரூமைப் பூட்டிட்டியா? அதான் இங்க எனக்குக் கட்டுரை தொறக்க மாட்டேங்குது! போய்த் தொறம்மா!"

மொத்தமாக அள்ளியவர்

கடல் தண்ணீர் புகுந்த பாத்திகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு எழுதுகிற ஒருவர் வந்தார். ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்த கட்டுரைகள் அத்தனையும் தானாக இறங்கும்படி கம்ப்யூட்டரில் ஏதோ செய்துவிட்டு, மீன் வாங்க எக்கியார்குப்பம் போய்விட்டார். திரை ஓடிக்கொண்டே இருந்தது. தொடப் பயந்து, பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் அந்தப் பத்திரிகையின் கட்டுரை ஒன்றுகூடத் திறக்கவில்லை. யாரோ திருடுகிறார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் கதவைச் சாத்திவிட்டார்களாம். நூலக அதிகாரி போனில் கத்தினார்: "இன்னொரு தடவை இப்படி நடந்தா அந்த ரூமும் வேணாம், நீயும் வேணாம்." அள்ளியவரோ டீ குடித்துக்கொண்டிருந்தார். "இத்தனையும் எப்போ தம்பி படிப்பீங்க?" என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைக்காமலே சிரித்தார்: "யாரு படிக்கப் போறா அக்கா? கெடக்கட்டுமேன்னு எறக்கினேன்."

பத்திரிகைக்காரர்கள் சாத்திய கதவு மறுபடி திறந்த அன்றைக்கே நெட் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். உட்காருகிறவர் என்ன தேடப் போகிறார் என்று சொன்னால்தான் மாட்டுவேன். அவர் எழுந்தால் ஒயரும் என்னோடு எழுந்துவிடும். உலகத்துக் கட்டுரைகளை எல்லாம் தேட வருகிற அறிவாளிகள் இப்போது முதலில் என்னைத்தான் தேட வேண்டியிருக்கிறது.