கடித்த நாய்க்குப் பத்து நாள் காவல்

நாய் வளர்ப்பதைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் நாய் பற்றி ஏதாவது வந்தால் வெட்டி, ஒரு நோட்டில் ஒட்டி வைப்பேன். அப்போது விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் வேலையில் இருந்தேன். டீக்கடையில் யாராவது, "எங்க வூட்டு நாய் செருப்பக் கடிக்குதுங்க" என்று வாயைத் திறந்தால் போதும், அவர் டீ ஆறுகிற வரை விடமாட்டேன். குரைத்தால் கண்டுகொள்ளாதே, சாப்பிடும்போது தொடாதே, அடித்துப் பழக்காதே, ஒரே வார்த்தையில் கட்டளை கொடு. எல்லாம் அச்சில் வந்த விஷயம் என்பதால் எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

என் நாய் அதில் ஒன்றையும் படித்திருக்கவில்லை. மங்கலம்பேட்டையில் ஒரு கடைக்குப் பெட்டி இறக்கப் போனபோது, வாசலில் கிடந்த குட்டிகளில் ஒன்று என் பின்னாலேயே பஸ் வரைக்கும் வந்தது. தவிட்டு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். அதற்கு நான் வைத்த இங்கிலீஷ் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்லி என் மனைவி இன்றைக்கும் சிரிக்கிறாள். 'உட்கார்' என்றால் நடக்கும், 'வா' என்றால் யோசிக்கும். அவள் கையில் சோற்றுத் தட்டு இருந்தால் மட்டும் நோட்டில் உள்ள அத்தனை கட்டளைக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படியும்.

எதிர்வீட்டுக்காரர் பீங்கான் சூளையில் நெருப்புப் பார்ப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். சூளைச் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியே தீயின் நிறத்தைப் பார்த்து, உள்ளே சரக்கு வெந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். நெருப்புக்கு அஞ்சாத அந்த மனிதருக்கு நாய் என்றால் ஆகாது. என் நாய்க்கு அவருடைய சைக்கிள் என்றால் ஆகாது. தினமும் காலை ஆறு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்புவார், அது தெருமுனை வரை துரத்தும், அவர் கல்லெடுப்பார். கடைசியில் நாயைப் பிடித்துப்போகச் சொல்லி நகராட்சிக்கு ஒரு மனு எழுதி, தெருவில் பாதிப் பேரிடம் கையெழுத்து வாங்கினார். என்னிடமும் வந்து நீட்டினார். நான் கையெழுத்துக்குப் பதிலாக யோசனை சொன்னேன்.

"அண்ணே, நீங்க ஓடறதாலதான் அது தொரத்துது. சைக்கிள விட்டு எறங்கி அசையாம நில்லுங்க. அது கண்ணப் பாக்காதீங்க. கையத் தொங்க விடுங்க, மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"போயிடுமா?"

"நோட்டுல இருக்குதுண்ணே."

மறுநாள் காலை அவர் நான் சொன்னபடியே செய்தார். நான் வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். அசையாமல் நின்றார். வானத்தைப் பார்த்தார். நாய்க்கு இது புதுசு. ஒரு சுற்று சுற்றி வந்தது, கையை மோந்தது, லுங்கி ஓரத்தை மோந்தது. பிறகு அவசரமே இல்லாமல் அவருடைய கெண்டைக்காலைக் கடித்தது.

"நான் அசையலியே தம்பி" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

நான் நோட்டை எடுக்க உள்ளே ஓடினேன். கடித்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் ஒட்டியிருந்த ஞாபகம். நான் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள், நாயைப் பற்றி ஒன்றுமே தெரியாத என் மனைவி அவரைக் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவியிருந்தாள். மிளகாய்த்தூள் வைத்துக் கட்டலாம் என்று கிண்ணத்தோடு வந்த பக்கத்து வீட்டு அம்மாளைத் திருப்பி அனுப்பியதும் அவள்தான்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அவரை என் மொபெட்டில் கூட்டிப்போனேன்.

"வூட்டு நாயா, தெரு நாயா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"வூட்டு நாய்தாங்க" என்றேன்.

"அதுக்கு ஊசி போட்டிருக்குதா?"

எதிர்வீட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். குட்டிக்கு எப்போது ஊசி, வருஷத்துக்கு எத்தனை தடவை என்று நோட்டில் விவரமாக இருந்தது. ஊரில் நாய் வைத்திருக்கும் அத்தனை பேரையும் இதைச் சொல்லித் துளைத்திருக்கிறேன். என் நாய்க்குப் போட மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

"போடணும்னு இருந்தேங்க."

நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இன்னிக்கு ஒரு ஊசி. அடுத்தது எப்பன்னு சீட்டுல எழுதியிருக்கேன், ஒண்ணுகூட விடக்கூடாது. அந்த நாயப் பத்து நாளு கண்ணுல வெச்சுப் பாருங்க. நல்லா இருந்துச்சுன்னா பயமில்ல. செத்துப்போச்சு, இல்ல மாறாட்டமா ஏதாவது செய்யுதுன்னா ஒடனே ஓடியாங்க."

திரும்பி வரும்போது அவர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினார். "சேத்தியாத்தோப்புல எங்க சித்தப்பாரு இருந்தாரு. நாய் கடிச்சுது. மந்திரிச்சுவுட்டாங்க, ஊசி போடல. கொஞ்ச நாளு கழிச்சு ஒரு சொம்புத் தண்ணியப் பாத்துட்டுக் கத்துனாரு தம்பி. எனக்கு அப்ப எட்டு வயசு. கதவிடுக்குல நின்னு பாத்தேன்." அவர் ஏன் கல்லெடுக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஊசியை அவர் நாள் தவறாமல் போட்டுக்கொண்டார். ஆனால் அவர் நம்பியது ஊசியை அல்ல, நாயைத்தான். அது பத்து நாள் உயிரோடு இருந்தால் தானும் இருப்போம் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வந்து நின்றபோது கையில் கல் இல்லை, பால் பாக்கெட் இருந்தது. நாயை நான் சங்கிலியில் கட்டியிருந்தேன். எட்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தார்.

"தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சிருக்கும்ணே."

"குடிச்சிருக்குமா? நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. அவரே பாலில் தண்ணீர் கலந்து, விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குச்சியால் தள்ளி வைத்தார். அது நக்கி முடிக்கும் வரை கண்ணிமைக்காமல் பார்த்தார். சூளை ஓட்டையில் கண் வைத்திருக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். முழுங்குகிறதா, எச்சில் வழிகிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தார்.

நாய் தூங்கினால் அவருக்கு ஆகவில்லை. "ஏன் இருட்டுல போய்ப் படுக்குது?" வெயிலில் படுத்தால் அதற்கும் ஒரு கேள்வி. வேலையிலிருந்து நான் கொண்டுவந்த பெட்டியிலிருந்து உதிர்ந்த வைக்கோலை அது சும்மா மென்றதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் வெலவெலத்துப் போனார். அது பிறந்ததிலிருந்து வைக்கோல் மெல்லுகிறது என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அவரை ஆறுதல்படுத்த என் நோட்டை எடுத்துவந்தேன். அதை வாங்கி, படிக்காமல், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

நான்காம் நாள் நாய் சோறு தின்னவில்லை. தட்டை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "என் பொண்ணு கல்யாணத்தப் பாக்கணும்னு இருந்தேன்" என்றார். இந்த மனிதர் செத்தால் கொன்றது நாய் இல்லை, நான்தான் என்று தோன்றியது. அப்போது அவருடைய மனைவி எதிர்வீட்டு வாசலிலிருந்து தயங்கித் தயங்கி வந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. மதியம் கறிக்கொழம்பு வெச்சேன். நம்ம உசுரு அதுகிட்டதான இருக்குதுன்னு கொஞ்சம் சேத்தே போட்டேன்."

அது கொஞ்சம் இல்லை, ஒரு சட்டி. நாய் என் வீட்டு மோர்ச்சோற்றை ஏன் பார்க்கும்?

ஏழாம் நாள் நகராட்சி வண்டி வந்தது. நான் நாயைத் தெருவோரத்தில் அவிழ்த்துவிட்டிருந்த நேரம். சுருக்குக் கம்பியோடு இரண்டு பேர் இறங்கினார்கள். எதிர்வீட்டு அண்ணன் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் நாய்க்கு முன்னால் கையை விரித்து நின்றார். தன்னைக் கடித்த வாய்க்கு ஒரு முழம் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு.

"இது வூட்டு நாயிங்க. புடிக்கக் கூடாது."

வந்தவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "மனு குடுத்தது நீங்கதானே சார்? தவிட்டுக் கலரு, ஒரு காது மடங்கினதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"எழுதினேங்க. இன்னும் மூணு நாளு போவட்டும்."

வண்டி போன பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சங்கிலியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இனிமே எங்க வூட்டுல இருக்கட்டும் தம்பி. ஒனக்குக் கவனம் பத்தாது" என்றார். நாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் அவரோடு போனது. மூன்று நாளும் அவர் வேலைக்கு லீவு போட்டார். நாய் அவர் வீட்டு வாசலில் படுத்திருக்கும், அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எட்டடி இடைவெளி நாளுக்கு நாள் குறைந்தது. பத்தாம் நாள் காலை நான் போனபோது அது அவர் காலடியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, அவர் காலை எடுக்காமல் இருந்தார்.

அன்று சாயங்காலம் அது ஒரு கிண்ணம் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் மனைவி உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினார். நான் எனக்கு வந்த நிம்மதியைக் காட்டிக்கொள்ளாமல் நின்றேன். அந்தப் பத்து நாளில் எனக்குச் சோறே இறங்கவில்லை என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

"நாளைக்கு அதுக்கு ஊசி போட்டுடணும்" என்றார் அவர். "நானும் வரேன். நீ டீக்கடை வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவே."

மாட்டாஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. நான் சங்கிலியைப் பிடித்திருந்தேன். டாக்டர் பொதுவாக எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். தீனி எப்படி, தண்ணி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிக்குது, வெளிக்கி சரியாப் போகுதா, தூக்கம் எப்படி, எதையாவது மெல்லுதா. ஒவ்வொரு கேள்விக்கும் நான் வாயைத் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர்தான் பதில் சொன்னார். காலையில் பால் அரைக் கிண்ணம், வெயில் ஏறினால் இரண்டு தடவை தண்ணி, படுப்பது இடது பக்கமாக, வைக்கோல் மெல்லும், ஆனால் முழுங்காது. டாக்டர் என்னை விட்டுவிட்டு அவரிடம் மட்டும் பேச ஆரம்பித்தார்.

ஊசி போடும்போது அவருடைய கெண்டைக்கால் கட்டு டாக்டர் கண்ணில் பட்டது.

"இதா கடிச்சது?"

"ஆமாங்க."

"நாயிக்கு இதுவரைக்கும் ஒரு ஊசிகூடப் போடலியா? இவ்வளவு தெரியுது, நாயி தூங்கறது வரைக்கும் கணக்கா சொல்றீங்க. முக்கியமானத வுட்டுட்டீங்களே. இது வேற யாரையாவது கடிச்சிருந்தா என்ன ஆவுறது? அவன் உசுரோட வெளையாடற மாதிரி ஆயிடாதா? உங்கள மாதிரி ஆளுங்க எதுக்கு நாய் வளக்கறீங்க?"

எதிர்வீட்டு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதாங்க சார். இனிமே பாத்துக்கறேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ சங்கிலிய நல்லாப் புடி" என்றார். நான் நல்லாப் பிடித்துக்கொண்டேன்.