அவள் கூடையில் நான் போட்ட இரண்டு பிடி

கேரளத்தில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்தெடுத்தது எழுபதுகளில். புதிதாக வருகிற ஆளைப் பழக்கும் வேலையை என் தலையில்தான் கட்டுவார்கள். கை வேகம் என்று சொல்லிக்கொண்டார்கள். வாய் வேகம்தான் காரணமாக இருக்கும்.

ஒருமுறை வந்தவள் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். பாக்டரியில் வேலை பார்த்த புருஷன் இறந்து, அவன் வேலைக்குப் பதில் வேலை கேட்டு வந்திருந்தாள். மூன்று வாரம் பழக வேண்டும். கடைசி நாள் அவள் எடுத்த கொழுந்தை நிறுப்பார்கள். தேறினால் பேர் பதிவார்கள். தேறாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அவளுக்கு யாரும் இல்லை.

வயலில் நாற்றுப் பறித்துப் பழகிய அவள் கை, செடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. "ஏ மயினி, இது என்ன களையா? ரெண்டு எலையும் மொட்டும் போதும்!" என்று கத்துவேன். கையில் அடித்தும் இருக்கிறேன். அட, என்ன திமிர் எனக்கு! விரல் வெடித்தால் அவள் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் செடிக்குள் இறங்குவாள்.

அந்தக் காலை நேரங்களுக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது. இடுப்பில் ஈரச் சாக்கு, மூடுபனிக்குள் முகம் தெரியாமல் வரும் கேலிப் பேச்சு, பத்து மணிக்குப் பால் இல்லாத கட்டஞ்சாயா. அவள் வந்த பிறகு தன் சாயாவில் பாதியை எனக்கு ஊற்றுவாள்.

நிறுக்கிற நாளில் அவள் தேறமாட்டாளோ என்று எனக்குப் பயம். தராசுக் கொட்டகைக்குப் போகும் வழியில், ஓடைக்கரையில் கூடைகளை இறக்கித் தண்ணீர் குடிப்பது வழக்கம். அவள் முகம் கழுவக் குனிந்தபோது என் கூடையிலிருந்து இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டேன். மற்றவர்களும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அதையே செய்திருக்கிறார்கள்!

தராசில் எங்கள் எல்லார் கூடையையும்விட அவள் கூடைதான் கனம். மலையாளத்துக்கார அதிகாரி சிரித்துவிட்டார். "மூணாழ்ச்சயில, மூணே வாரத்துல, இத்தனையா?" என்று என்னைப் பார்த்தார்.

"அவ எடுத்ததுதாங்கய்யா" என்றேன்.

"இல்லைய்யா," என்றாள் அவள். "ஓடையில கூடையத் தூக்கும்போதே தெரிஞ்சிட்டு. கூடையச் சுத்தியிருக்க இந்தப் பிரம்பு வளையம் வரைக்குந்தான் நா எடுத்தது; மேல கெடக்கது எனக்குள்ளது இல்ல."

இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கீழே போட்டாள். போதும் நிறுத்து, பாவி என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவளே கூடையை மறுபடி தராசில் மாட்டினாள்.

முள் வேண்டிய அளவைத் தாண்டித்தான் நின்றது. அதிகாரி பேரை எழுதினார்.

ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"மத்தவளுக பாவம் பாத்துப் போட்டாளுக, சரி. மூணு வாரமா எங் கையவே பாத்துக்கிட்டு நின்னவ நீயில்லா? நா தேறுவேன்னு ஒனக்குமா தெரியல?"

மறுநாள் அவள் வேறு வரிசையில் போய் நின்று கொழுந்தெடுத்தாள்.