புது இன்ஜினும் ரோஸ் கலர் கேனும்

போன பௌர்ணமி அன்று என் வீட்டுக்காரர் ஒரு புத்தம்புது இன்ஜினுக்குள் ரோஸ் சர்பத் ஊற்றினார்.

சிரிக்கிறீர்களா? நானும் முதலில் சிரித்தேன்... அரை நிமிஷம்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வாத்தியார். மீன் தொட்டி மோகம் முடிந்தது, டெலஸ்கோப் மோகம் முடிந்தது. இப்போது ரிமோட் கார். பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள் — அப்படிச் சொல்லி நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கை நீளம், முள்ளுமுள்ளாக டயர். கல், மேடு, வாய்க்கால் வரப்பு எல்லாவற்றையும் தாண்டுமாம். சிங்கப்பூர் நண்பர் ஒருவர் இன்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டு, மிச்சத்தை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல நண்பர் பாருங்கள்!

இன்ஜின் வாங்க இவர் சென்னைக்குப் போனார். கடையில் கேட்ட முதல் கேள்வி, "இருக்கறதுலயே பெரிசு எது?"

கடைக்காரர் அனுபவசாலி போலிருக்கிறது. "முதல் இன்ஜினா சார்? அப்ப சின்னதே எடுங்க. கயிறு இழுத்தா ஸ்டார்ட் ஆயிடும், பார்ட்ஸும் கெடைக்கும். பெரிசு வாங்கினா அது ஓடும்... நீங்க அது பின்னாடி ஓடணும்."

வாங்கி வந்தது எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. ஆனால் அது பெட்ரோல் குடிக்காது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த தனி எரிபொருள். நிறம் — பளிச்சென்ற ரோஸ். வந்த தகர டின் பஸ்ஸில் நசுங்கி ஒழுகியதால், வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனுக்கு மாற்றி, வீட்டை ஒட்டிய ஷெட்டில் வைத்தார்.

புது இன்ஜினை எடுத்த எடுப்பில் விரட்டக் கூடாதாம். உள்ளே பிஸ்டன் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும், பதமாகப் பழக்க வேண்டும். என் ஹேர் டிரையரால் அதைச் சூடாக்கினார். (அது எனக்குக் கல்யாண நாளுக்கு வந்த பரிசு!) சக்கரம் தரையில் படாமல் ஒரு செங்கல் மேல் வண்டியைத் தூக்கி வைத்து, கயிற்றை இழுத்து இழுத்து... ஒருவழியாக அது கத்த ஆரம்பித்தது. ஷெட் முழுக்கப் புகை, அவர் சட்டை முழுக்க எண்ணெய். ஒரு டேங்க் தீர்ந்ததும் நிறுத்தினார். "நல்லா ஆறணும். அப்புறந்தான் ரெண்டாவது டேங்க்" என்று குளிக்கப் போனவர், சாப்பிட்டுவிட்டுத் தூங்கியும் போனார்.

இப்போது சந்திராக்கா. பக்கத்து வீடு. அவரும் அவர் கணவர் ஏகாம்பரமும் பௌர்ணமி தவறாமல் அடி அண்ணாமலையில் நின்று, கிரிவலம் போகிறவர்களுக்கு ரோஸ் சர்பத் கொடுப்பார்கள். முந்தைய நாளே பாகு காய்ச்சி, கேன் கேனாக எங்கள் ஷெட்டு நிழலில்தான் வைப்பார்கள். வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள். உள்ளே ரோஸ் கலர்.

புரிந்துவிட்டது அல்லவா? எங்களுக்கு அப்போது புரியவில்லை.

மத்தியானம் சந்திராக்கா வெளியே நின்று குரல் கொடுத்தார். "மாலதி, ஆட்டோ வந்துடுச்சு. கேனெல்லாம் எண்ணி எடுத்துக்கறேன்!"

"எடுத்துக்குங்க்கா!" என்றேன், அடுப்படியிலிருந்தே.

வெயில் தாழ இவர் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தார். கேனைத் திறந்தார், டேங்கை நிரப்பினார், கயிற்றை இழுத்தார். இன்ஜின் முனகக்கூட இல்லை. மறுபடி இழுத்தார். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"மாலதி... இது சர்பத்து."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அப்ப என் கேன் எங்க? அதுல இருக்கறது மெத்தனால்டி."

கள்ளச்சாராயத்தில் கலந்து, கண்ணையும் உயிரையும் பறிக்குமே — அதேதான். சந்திராக்காவிடம் செல்போன் கிடையாது. ஸ்கூட்டரில் நான் எப்போது ஏறினேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டி மறித்தார். "பௌர்ணமிங்க. இதுக்கு மேல வண்டி வுட மாட்டோம்."

"சார், சர்பத் கேன்ல விஷம் மாறிப் போயிடுச்சு சார்!" என்று கத்தினேன்.

நடந்துகொண்டிருந்த நாலைந்து பேர் சட்டென்று திரும்பினார்கள். கான்ஸ்டபிள் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மா, அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லாதீங்க. இந்தக் கூட்டம் ஓட ஆரம்பிச்சா யாராலயும் நிறுத்த முடியாது. எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். தன் பைக்கை எடுத்துக்கொண்டு ஹார்ன் அடித்தபடி முன்னால் போனார். பின்னாலேயே நாங்கள். வழியெல்லாம் டம்ளரும் கையுமாக ஜனங்கள். யார் கையில் ரோஸ் நிறம் தெரிந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குழந்தை குடிப்பது எங்கே வாங்கியது? அந்தப் பெரியவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார்?

சந்திராக்கா டிரம்முக்குப் பின்னால் நின்று மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரே நீள வரிசை.

"நிறுத்துங்க்கா! கேன் எல்லாத்தையும் கலந்துட்டீங்களா?"

"இல்லியே. ஒண்ணு மட்டும் தொறக்கவே வரல. என்னா மூடியோ... அவர் அதோட மல்லுக்கட்டிக்கினு இருக்காரு."

மரத்தடியில் ஏகாம்பரம் அண்ணன் கேனை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கட்டிங் பிளேயரால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சொன்னார், "இப்பதான் லேசா அசையுது!"

இவர் பாய்ந்து கேனைப் பிடுங்கினார்.

மெத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். அப்படி இழுத்தால் இன்ஜின் சரியாக ஓடாது. அதற்காகக் குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி, முழு பலத்தையும் போட்டு மூடியை முடுக்கி வைத்திருக்கிறார் மனுஷர்.

நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் சந்திராக்கா சொம்பும் கையுமாக அப்படியே திரும்பினார். வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என் கையால இல்ல குடுத்திருப்பேன்..." என்றார்.

"தப்பு என்னுதுதான்க்கா" என்றார் இவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. சந்திராக்கா கையிலிருந்த சொம்பை வாங்கி, அவரே ஊற்ற ஆரம்பித்தார். கான்ஸ்டபிள் முதல் டம்ளரை வாங்கி, முகர்ந்து, "இதுல ஒண்ணும் இல்லியே?" என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு டம்ளர் குடித்தார். நானும் குடித்தேன். அவ்வளவு ருசியான சர்பத்தை என் ஆயுசில் குடித்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் எந்த டப்பாவில், அதன் மேல் எழுதியிருக்கிற பொருள் இருக்கிறது? பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல், ஜாம் பாட்டிலில் டர்பன்டைன். கேட்டால், "நமக்குத்தான் தெரியுமே!" நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்கு?

இன்ஜினும் பிழைத்துக்கொண்டது. முழுசாகப் பிரித்து, சர்க்கரை போகக் கழுவி, மறுபடி முதல் டேங்கிலிருந்து பொறுமையாகப் பழக்கினார். இப்போது நன்றாக ஓடுகிறது. எரிபொருளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை நான் வைத்திருக்கிறேன்.

நேற்று சந்திராக்கா சிவப்புப் பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக வந்தார். எங்கள் கேன் மேல் பெரிசாக 'குடிக்காதே' என்று எழுதினார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை. தன் வீட்டுக்குப் போய், சர்பத் கேன் ஒவ்வொன்றிலும் எழுதி வைத்துவிட்டார்: 'தாராளமாகக் குடிக்கலாம்.'