கல்லுக்குள் ஓடின தண்ணியும் என் மச்சான் ஆதம்பாவாவும்

கிணறு வெட்டுகிறவன் தண்ணீரைத்தான் தேடுகிறான் என்று நினைப்பீர்கள். பாதி நேரம் பக்கத்துக் கிணற்றில் எவனுக்கு முதலில் தண்ணீர் வந்தது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பான். நான் கிழக்குக் கரை நிந்தவூர்க்காரன். எங்கள் மணலில் பத்தடி தோண்டினால் தண்ணீர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தங்கையின் புருஷன் ஆதம்பாவாவோடு யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போனேன். அங்கே கீழேயெல்லாம் சுண்ணாம்புக்கல். கூட வேலை செய்கிறவனைப் பார்த்து வயிறெரிந்தவர்களாயிருந்தால் என்னை ஏசமாட்டீர்கள்.

முதல் கிணறு

கந்தையர் என்பவரின் புகையிலைத் தோட்டத்தில் இரண்டு கிணறு, ஆளுக்கொன்று. வந்த அன்றே நான் கல்லுடைக்கிற கடப்பாரையை, அலவாங்கைத் தூக்கினேன். ஆதம்பாவா இரண்டு நாள் சும்மா சுற்றினான். மழை பெய்தபோது, வெள்ளம் எந்த வெடிப்புக்குள் இறங்கி மறைகிறது என்று குந்தியிருந்து பார்த்தான். அங்கே தோண்டினான். எட்டாம் நாள் அவனுக்கு இடுப்பளவு தண்ணீர். எனக்கு ஒரு மாதமாகியும் வெறும் கல்தூள். கந்தையர் எட்டிப் பார்த்தார்.

"அவர் கல்லைப் பார்க்கிறார், நீர் அலவாங்கைப் பார்க்கிறீர்."

ஓவசியர் சொன்னது

அந்தப் பக்கம் மேற்பார்வைக்கு வந்த அரசாங்க ஓவசியரிடம், அவனுக்கு மட்டும் எப்படித் தண்ணீர் வருகிறது என்று ஆற்றாமையோடு கேட்டேன். மண்ணுக்குள்ளால் இறங்கும் மழைத்தண்ணீரில் லேசான புளிப்பு ஏறுமாம். அது வெடிப்புகளுக்குள் புகுந்து, ஆயிரக்கணக்கான வருஷமாகச் சுண்ணாம்பைக் கரைக்குமாம். ஒரு மயிரிழை அகலம் கூடின வெடிப்பில் தண்ணீர் கூடப் போகும். கூடப் போவதால் அது இன்னும் அகலும். கடைசியில் வாய்க்காலாகி, பக்கத்து வெடிப்புகளின் தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துவிடும். மற்றவை அப்படியே கிடக்கும்.

"அப்ப அந்தச் சின்ன வெடிப்பு என்ன பிழை செஞ்சது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஓவசியர் சிரித்தார்.

"ஒரு பிழையுமில்லை. கொஞ்சம் ஒடுக்கமாப் பிறந்திட்டுது."

முளை

மூன்றாவது கிணற்றுக்கு ஆதம்பாவா இடம் பார்த்து முளையடித்துவிட்டுப் பின்னேரத் தொழுகை, அசர் தொழப் போனான். அவன் தலை மறைந்ததும் முளையைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி அடித்தேன். ஒருதரமாவது அவன் காய்ந்த கல்லில் முட்டட்டும் என்றுதான்.

திரும்பி வந்தவன் முளை நின்ற இடத்திலேயே தோண்டினான். பதினைந்தடியில் அலவாங்கு அவன் கையை விட்டுப் பொந்துக்குள் போய்விட்டது. கீழே தண்ணீர் ஓடும் சத்தம். இரண்டு வெடிப்புகள் சந்தித்துக் குடைந்த இடம் அது! அவனும் கூடப் போயிருப்பான். மேலே வந்தவன் பழைய முளைக்குழியைக் கண்டுகொண்டான். ஊரெல்லாம் வந்து பார்த்த கிணறு அது. நான் காட்டிய இடம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆதம்பாவா மட்டும் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், முளைய நகத்தினவன் என்னவிட நல்லாக் கல்லுப் பார்த்திரிக்கான்."

சாயம்

கடைசியில் என் கிணற்றிலும் தண்ணீர் வந்தது. இது என் சொந்த ஊற்று என்று தோட்டம் முழுக்கக் கதைத்துத் திரிந்தேன். ஆதம்பாவா பாய் இழைக்கிற வீட்டில் சிவப்புச் சாயம் வாங்கிவந்து தன் கிணற்றில் கரைத்தான். மறுநாள் என் கிணறு இளஞ்சிவப்பு. கந்தையர் ஒரு வாளி அள்ளிப் பார்த்தார்.

"அப்ப உம்மட கிணத்திலயும் அவரின்ர தண்ணிதான்."

ஊர்

ஊருக்குத் திரும்பியபின் எங்கள் பக்கத்துப் பாலமுனையில் ஒரு வீட்டில் கிணறு கேட்டார்கள். இது மணல், எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும் என்று மூத்த காக்கா தங்கச்சிக்குச் சொல்வதுபோல் வீட்டுக்காரப் பெண்ணுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஓம் காக்கா, நீங்களே தோண்டுங்க. இடத்த மட்டும் ஆதம்பாவா காக்கா வந்து காட்டட்டும்."

கல்லைக் கரைக்கத் தண்ணீருக்கு ஆயிரக்கணக்கான வருஷம் போகிறது, என் மனசை அரிக்க ஒரு மச்சான் போதுமாயிருந்தான்.