தாழிக்குப் பின்னால் இருந்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை, மாவட்ட அருங்காட்சியகத்தில் என் மகள் இரண்டு நிமிடம் காணாமல் போனாள். இரண்டே நிமிடம்தான். சிரிக்காதீர்கள்.

நிரந்தரக் காட்சிக்கூடத்தில், கல்தூண்களையும் செப்புக்காசுகளையும் தாண்டினால் ஒரு சிறிய தாழி. என் இடுப்பளவுகூட இல்லை. குழந்தையின் எலும்புகளும் ஒரு கிண்ணமும் அதற்குள் இருந்தனவாம். கிண்ணத்தையும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள், உள்ளங்கை அகலத்தில். விளக்கப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

“இங்கதான் இருக்கேன் அத்தா, ஏன் கத்துறீங்க?” தாழிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். “இத பாருங்க, யாரோ வெரல வச்சி அழுத்தியிருக்காங்க.”

ஆமாம், விரல் தடம். எத்தனை மழை, எத்தனை உழவு அதன் மேல் போயிருக்கும்! நேற்று அழுத்தியதுபோல் இருந்தது.

சுட்ட மண் என்றாலே எனக்கு விருத்தாசலத்துக் குழாய்க் கிடங்குதான். அம்மா அங்கே வேலை பார்த்தாள். எனக்கு நான்கு வயது. சூளையிலிருந்து வந்த குழாய்களைத் தனபாக்கியம் அக்கா மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே போகும். நல்ல குழாய் ‘கிண்’ என்னும். விரிசல் விட்டது ‘டொக்’ என்னும். டொக் என்றால் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. அவற்றை ஆட்கள் பள்ளத்தில் உருட்டி உடைப்பார்கள்.

ஒரு மத்தியானம் நிழலுக்காக ஒரு பெரிய குழாய்க்குள் நுழைந்தவன் தூங்கிவிட்டேன். அம்மா ஒவ்வொரு குழாய் வாயிலும் குனிந்து என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாள். என் குழாயை அக்கா தட்டியிருக்கிறது. டொக். பெருக்கலும் போட்டாயிற்று. வெளியே விரிசல் தெரியவில்லையே என்று அக்கா உள்ளே எட்டிப் பார்த்ததால்தான் நான் பிழைத்தேன்.

“ஏ நூரு! வெடிப்பு இல்லடி, உம்புள்ள உள்ள கெடக்குறான்!” என்று அம்மாவைப் பார்த்துக் கத்தியதாம்.

அப்புறம் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, “இவன் சரியா வேவாத சரக்கு, ஓசையே வரல” என்று கிடங்கே சிரிக்கும்படி சொன்னது. அம்மா சிரிக்கவில்லை. மாலைச் சங்கு ஊதும்வரை என் காலரை ஒரு கையால் பிடித்தபடி மறுகையால் வேலை செய்தாள்.

தாழிக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்தவளும் ஒரு அம்மாவாகத்தான் இருப்பாள், குழந்தைக்குப் பசிக்கும் என்று நினைத்திருப்பாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். “உங்க அம்மா எப்புடிக் கூப்புட்டாங்க அத்தா? அதே மாதிரி கூப்புடுங்க.”

கூப்பிட்டுப் பார்த்தேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெயரை அம்மா இழுக்கும் இடம் தெரிகிறது, மூச்சு வாங்கும் இடம் தெரிகிறது. குரல் மட்டும் என்னுடையதாகவே வந்தது. அம்மா இறந்தபோது, அவள் குரலைப் பதிந்து வைக்க எங்கள் வீட்டில் ஒரு செல்போன்கூடக் கிடையாது.